நடுக்கடலில் நீண்ட பொழுது

என் வீட்டுக்காரர் கப்பலின் மேல்தட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. நெற்றியைத் தொட்டால் சில்லிட்டது. நாலு மடக்கு சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போனால் பிழைப்பார், போகாவிட்டால் என் மடியிலேயே போய்விடுவார் என்ற நிலைமை. தண்ணீர் என் கையில்தான் இருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. அதற்கு வியாதி மட்டும் காரணம் இல்லை. பொழுது சாய்ந்துவிட்டது என்று அவர் நினைத்தார். பொழுது சாய்ந்த பிறகு அவர் எதையும் வாயில் வைப்பதில்லை.

நம் ஜைன மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் நம்மில் எத்தனை பேர் இன்று விடாமல் கடைப்பிடிக்கிறோம் என்பதை அவரவர் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளலாம். அவர் பன்னிரண்டு வயதில் மேல்சித்தாமூர்க் கோயிலில் தன் நைனாவோடு நின்று எடுத்துக்கொண்ட விரதம் அது. முப்பத்தெட்டு வருஷம் ஒரு நாள் தவறியதில்லை. செஞ்சிக் கடைவீதியில் மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வியாபாரம் செய்கிறவர். அறுவடைக் காலத்தில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். அப்போதும் வெயில் தாழ்ந்தால் வீட்டுக்கு வந்து இலை முன்னால் உட்கார்ந்துவிடுவார். கல்யாணமான புதிதில், சூரியனுக்கும் உங்களுக்கும் ஏதாவது ஒப்பந்தமா என்று நான் கேலி செய்வேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ராஜமதி. எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று கேட்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. கோயிலிலும் கேட்பேன், கடையிலும் கேட்பேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களையும் விடமாட்டேன். பிறக்கும்போதே கேள்வியோடு பிறந்தவள் என்று அவர் சொல்வார். அதனால் இந்தச் சாட்சியை, எல்லாம் தெரிந்தவள் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன். எப்படி நடந்தது என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அறுபத்து மூன்றாம் வருஷம் கோடையில் நாங்கள் பினாங்கு போனோம். என் தம்பி அங்கே ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறான். பத்து வருஷமாக வாருங்கள், வாருங்கள் என்று கடிதம் எழுதி, கடைசியில் டிக்கெட்டையே எடுத்து அனுப்பிவிட்டான். ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். எங்கள் தெருவில் அதற்கு முன்னால் சும்மா ஊர் பார்ப்பதற்காக யாரும் கடல் தாண்டியதில்லை. எனக்கு மனம் கொள்ளாத சந்தோஷம்.

போன பத்தாம் நாளே அவருக்கு உடம்பு கெட்டது. ஓயாத தாகம். கண் எதிரே இளைத்துப்போனார். ஒரு நாள் கடைத்தெருவில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். தம்பி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். நீரிழிவு முற்றியிருக்கிறது, காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசியைக் கொதிக்க வைப்பது, மருந்தை இழுப்பது, தோலைக் கிள்ளிப் பிடித்துக் குத்துவது எல்லாவற்றையும் நானே கற்றுக்கொண்டேன். ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும் என்று மட்டும் டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். மயக்கம் வரும் என்றார். எங்கள் வீட்டுக்காரர் வெயில் இருக்கும்போதே சாப்பிட்டுவிடுகிற மனிதர், அந்தக் கவலையே வேண்டாம் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அந்த மருந்தை எதிலிருந்து எடுக்கிறார்கள் என்பதை மட்டும் நான் கேட்கவில்லை. எதையும் கேட்கிற நான் அதை ஏன் கேட்கவில்லை என்று, உயிர்க்கொலையை விலக்கிய உங்களுக்குப் புரியும்.

வைகாசியில் திரும்பினோம். கீழ்த்தளத்தில் பாய் விரித்துப் படுக்கிற டிக்கெட்தான். மெட்ராஸுக்கு ஒரு வாரப் பயணம். மருந்துப் புட்டியைக் கப்பல் ஆஸ்பத்திரியின் ஐஸ் பெட்டியில் வைக்கக் கொடுத்தோம். தம்பி பெண்டாட்டி அவல், பொரி, வெல்லம், வறுத்த மாவு எல்லாம் கட்டிக் கொடுத்திருந்தாள். நான் கப்பல் சமையற்கட்டில் வெந்நீர் வாங்கி, நம் வழக்கப்படி துணியில் வடிகட்டி, அவலை ஊறவைத்துக் கொடுப்பேன். தம்பி தன் அத்தானுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்திருந்தான். அவர் அதை நிமிஷத்துக்கொரு தரம் பார்ப்பார்.

எங்கள் பாய்க்குப் பக்கத்தில் அஞ்சலை என்று ஒரு பெண். சொந்த ஊர் மண்டகப்பட்டு. புருஷனோடு தோட்டத்து வேலைக்குப் போனவள், அவன் செத்த பிறகு தனியாக ஊர் திரும்பிக்கொண்டிருந்தாள். நம் பக்கத்துப் பேச்சைக் கேட்டதும் என் மனம் குளிர்ந்தது. ஆனால் அவள் எந்தத் தெரு என்று தெரிந்ததும் என் பாயை ஒரு முழம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். அவள் பார்த்தாள். எழுதவே வெட்கமாக இருக்கிறது. சாட்சி என்று சொல்ல வந்தபின் இதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்ல முடியாது.

மூன்றாம் நாள் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. மாடிப்படி ஓரம் ஒரு பெரிய சுவர்க் கடிகாரம் உண்டு. அது எங்கள் கைக்கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடியது. முதல் நாள் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. இது ஏன் என்று அவரிடம் கேட்டேன். கப்பல் ஆட்டத்தில் அது கெட்டுப்போயிருக்கும், நம்முடையது புதுக் கடிகாரம் என்று முடித்துவிட்டார். தினமும் மத்தியானம் ஒலிபெருக்கியில் ஏதோ சொல்வார்கள். இங்கிலீஷில் சொல்வார்கள், இந்தியில் சொல்வார்கள். இரண்டும் எங்களுக்குத் தெரியாது.

பினாங்கில் அந்த மாதம் ஏழு மணிக்குச் சற்று முன்னால் பொழுது சாயும். அதைத்தான் நாங்கள் கணக்காக வைத்திருந்தோம். ஐந்தரைக்கு ஊசி, ஆறுக்குள் சாப்பாடு. பிறகு கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பஞ்ச நமஸ்கார மந்திரம் சொல்வோம், படுத்துவிடுவோம். மேலே போய்ச் சூரியன் எங்கே இருக்கிறது என்று நாங்கள் பார்க்கவே இல்லை.

ஐந்தாம் நாள் காலையிலிருந்தே கடல் கொந்தளித்தது. வானம் முழுக்க மேகம். அன்று ஆஸ்பத்திரியில் கூட்டம், மருந்து வாங்கி வர நேரமாகிவிட்டது. ஆறு மணிக்கு ஊசி போட்டேன். வெந்நீருக்குப் போனால், கப்பல் ஆடுகிறது, அடுப்பு மூட்டவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். ஓடி வந்து, ஒரு பிடி பொரியாவது தின்னுங்கள் என்றேன். குமட்டுகிறது, அவலே ஊறட்டும் என்றார். திரும்பவும் போய் வரிசையில் நின்றேன். நான் வெந்நீரோடு வந்து அவலில் ஊற்றியபோது அவர் கடிகாரத்தில் ஏழு தாண்டிவிட்டது. கீழ்த்தளத்து வட்டச் சன்னல்கள் கறுத்துக் கிடந்தன.

"பொழுது பூடுச்சி," என்றார். "காலையில பாத்துக்கலாம் வுடு."

ஊசி போட்டிருக்கிறதே என்றேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். ஒரு நாள் பட்டினி கிடந்தால் உயிர் போய்விடாது, நான் கிடக்காத பட்டினியா என்றார். அஷ்டமி, சதுர்த்தசி என்று பருவ நாட்களில் நோன்பிருக்கிற மனிதரிடம் அதற்கு மேல் என்ன வாதாடுவது? என் மனத்துக்குள்ளும் அதே எண்ணம்தான். முப்பத்தெட்டு வருஷ விரதத்தை ஒரு தட்டு அவலுக்காகக் கெடுக்கச் சொல்கிறவள் நானா என்று கூச்சப்பட்டுச் சும்மா இருந்துவிட்டேன். எங்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு தப்புச் செய்திருக்க மாட்டார்கள்.

சற்று நேரத்துக்கெல்லாம் அவருக்கு வியர்க்கத் தொடங்கியது. கை நடுங்கியது. செஞ்சி மண்டியில் மூட்டை தூக்குகிறவனைப் பெயர் சொல்லித் திட்டினார். சாக்கு நனைகிறது, உள்ளே எடு என்றார். முதலில் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. பிறகு அவர் என்னைப் பார்த்து, நீ யார் என்று கேட்டார்.

பக்கத்திலிருந்து அஞ்சலை எழுந்து வந்தாள். மேலே காற்றாடக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொல்லி, நான் பதில் சொல்வதற்குள் அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். இரண்டு பேருமாகப் படி ஏற்றினோம். மேகம் கவிந்து இருண்டு கிடந்த மேல்தட்டுக்கு வந்ததும் கால் மடங்கிச் சரிந்துவிட்டார். யாரோ ஒருவர் கப்பல் டாக்டரைக் கூப்பிட ஓடினார். நான் ஊசி விஷயத்தைச் சொல்லி அழுதேன். அஞ்சலை அவர் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். அவள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஏழு வருஷம் ஆயாவாக இருந்தவளாம்.

"சக்கரை எறங்கிப்போச்சும்மா. இனிப்பு குடுங்க, இப்பவே. டாக்டரு வர்ற வரைக்கும் தாங்காது. தொண்டையில ஊத்தாதீங்க, அவரா முழுங்கணும்."

அவளே கீழே ஓடி, தன் மூட்டையிலிருந்து சர்க்கரைப் பொட்டலத்தையும் நான் வடிகட்டி வைத்திருந்த தண்ணீரையும் கொண்டுவந்தாள். கலக்கி அவர் உதட்டில் வைத்தேன். கண் பாதி மூடியிருந்தது. தலையைத் திருப்பிக்கொண்டார். இன்னொரு தரம் வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டார். நான் யார் என்றே தெரியாத மனிதருக்கு விரதம் மட்டும் மறக்கவில்லை.

அப்போதுதான் நான் வேண்டினேன். நல்லபடியாக, முறையாக வேண்டினேன் என்று சொல்லமாட்டேன். பஞ்ச நமஸ்காரம் பாதியில் நின்றுவிட்டது. மேல்சித்தாமூர்க் கோயில் காவல்தெய்வம் பத்மாவதித் தாய்தான் கண்ணுக்குள் வந்தாள். தாயே, நான் இதை இவருக்கு எப்படியாவது கொடுக்கத்தான் போகிறேன், பொழுது சாய்ந்திருந்தாலும் கொடுப்பேன், இந்தப் பாவம் அவரைச் சேர வேண்டாம், என்னைச் சேரட்டும், எத்தனை பிறவியானாலும் நானே கழிக்கிறேன் என்று வாய்விட்டே சொன்னேன். ஒருவர் வினையை இன்னொருவர் சுமக்க முடியாது என்று நம் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்டேன்.

சொல்லி முடித்தேனோ இல்லையோ, என் புறங்கையில் வெளிச்சம் பட்டது. நிமிர்ந்து பார்த்தேன். கப்பலின் முன்பக்கம், மேற்கே, மேகத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு பிளவு. அதில் சூரியன் முழுசாக, சிவந்து, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நின்றது. தட்டு முழுவதும் பளிச்சென்று ஆகிவிட்டது. மேல்தட்டில் இருந்த அத்தனை பேரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"பொழுது இருக்குதுங்க," என்று கத்தினேன். "பாருங்க, இன்னும் இருக்குது."

அவர் வாயைத் திறந்தார். ஒரு மடக்கு. பிறகு ஒன்று. நாலாவது மடக்குக்குத் தானே டம்ளரைப் பிடித்தார். அஞ்சலை அவர் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தாள். என் அழுகை நிற்கவில்லை. டம்ளரில் பாதி காலியானதும் அவர், ஏன் இத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கேட்டார். ஊறிய அவலையும் கொண்டுவந்து ஊட்டிவிட்டேன். அவர் கடைசிக் கவளத்தை விழுங்கிய பிறகும் சூரியன் மறையவில்லை. டாக்டர் வந்து நாடி பார்த்தார். இன்னும் கால் மணி தாமதித்திருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று சொன்னார்.

மறுநாள் காலை நான் அந்தச் சுவர்க் கடிகாரத்தின் அடியில் போய் நின்றேன். சூரியன் நேற்று ஏன் அவ்வளவு நேரம் இருந்தது? நம் ஊர்ப்பக்கத்தைச் சேர்ந்த கப்பல் சிப்பந்தி ஒருவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். கப்பல் மேற்கே போகிறது, போகப் போகச் சூரியன் தாமதித்து மறையும், அதனால் தினமும் கடிகாரத்தை இருபது நிமிஷம்போலப் பின்னால் தள்ளுவார்கள், மத்தியானம் ஒலிபெருக்கியில் சொல்வது அதுதான். நேற்று உங்கள் கடிகாரம் ஏழேகால் காட்டியபோது கப்பலில் மணி ஆறுகூட ஆகவில்லை அம்மா என்றார். அதாவது, அவர் பொழுது போய்விட்டது என்று அவலைத் தள்ளி வைத்தபோது சூரியன் மேகத்துக்குப் பின்னால் தன்பாட்டுக்கு இருந்திருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

அப்படியானால் இதில் அதிசயம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். சூரியன் இருந்ததற்குக் கணக்கு உண்டு. ஆனால் பகலெல்லாம் மூடிக் கிடந்த மேகம் நான் வாய்விட்டுக் கதறிய அந்த நொடியில் பிளந்ததற்குச் சிப்பந்தியிடம் கணக்கு இல்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன். மேகம் பிளக்கும்தானே அம்மா என்றார்.

மெட்ராஸில் இறங்கி, ரயிலில் திண்டிவனம் வந்து, பஸ் ஏறினோம். அஞ்சலையும் எங்களோடுதான் வந்தாள். அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தார். செஞ்சி மலைகள் தெரிந்ததும் நான் அவரை எழுப்பவில்லை. மூச்சு சீராக வருகிறதா என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பயணத்தில் நான் போகும்போது வேடிக்கை பார்த்தது அதிகம், வரும்போது ஒரே ஒரு முகத்தைத்தான் பார்த்தேன்.

அந்த வாரமே மேல்சித்தாமூர் போய் அபிஷேகம் செய்தோம். பூசை செய்கிற கோயில் வாத்தியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பகவான் அனுப்பிய வெளிச்சமா என்று கேட்டேன். ஜினர் விருப்பும் வெறுப்பும் கடந்தவர், கேட்டதைக் கொடுக்கிறவர் இல்லை, அது உங்களுக்குத் தெரிந்ததுதானே என்றார். அப்படியானால் பத்மாவதித் தாயா என்றேன். அவள் அடியார்க்கு இரங்குகிறவள், இரங்கியிருக்கலாம் என்றார். எனக்கு அது போதவில்லை. விரதத்தை முறிக்கத் துணிந்தவளுக்கா அவள் இரங்கினாள்? அவர் என் கையில் பூவைக் கொடுத்து, நன்றி சொல்லிவிட்டுப் போங்கள், கேள்வி எங்கும் போய்விடாது என்றார். அன்று முதல் தினமும் நன்றியை முதலில் சொல்கிறேன். கேள்வி அதற்குப் பிறகுதான்.

எங்கள் வாழ்க்கை அதன் பிறகு மாறிவிட்டது. முன்பு ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு எடுத்து வைப்பேன். இப்போது சாப்பாடு தட்டில் தயாராக இருந்தால்தான் ஊசியைக் கையில் எடுக்கிறேன். அஞ்சலை மல்லாட்டை பிடுங்குகிற காலத்தில் செஞ்சிக்கு வருவாள், எங்கள் கூடத்தில்தான் படுப்பாள். முதல் தடவை தெருவில் முணுமுணுத்தார்கள். என் வீட்டுக்காரர் மண்டி வாசலில் நின்று, இவள் கொடுத்த சர்க்கரைதான் என் உடம்பில் ஓடுகிறது என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார்.

இது நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. நம் மாதர் சங்கத்து மலருக்கு எழுதித் தரும்படி கேட்டார்கள். இதுவரை எழுதியதைப் போன வாரம் அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு வந்தவர், வெளிச்சத்தைக் கண்டு வாயைத் திறந்தார் என்ற இடத்தில், அது தப்பு என்றார்.

எது தப்பு என்று கேட்டேன். வெளிச்சத்தைத் தான் பார்க்கவே இல்லை என்றார். கண் இருட்டிக் கிடந்ததாம். சூரியன் வந்ததும், நான் பொழுது இருக்கிறது என்று கத்தியதும், ஒன்றுமே அவருக்குத் தெரியாதாம். ஐந்து வருஷமாக நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன், சூரியனைப் பார்த்து வாயைத் திறந்தார் என்று. அவர் ஒரு தரம்கூடத் திருத்தவில்லை. பிறகு ஏன் திறந்தீர்கள் என்றேன்.

"பாவம் என்னைச் சேரட்டும்னு நீ அழுதது காதுல வுழுந்துது. யாரோ ஒரு பொம்பளை அழுவுறான்னுதான் தெரிஞ்சுது. ஒரு உயிரை அப்டி அழவெச்சிட்டு இன்னா விரதம்னு தோணுச்சி. தொறந்துட்டேன்."

அவர் அப்போது பொழுது சாய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேதான் குடித்திருக்கிறார். என் அழுகைக்காக விரதத்தை விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டே விழுங்கியிருக்கிறார். அவர் எதையும் இழக்காதபடி சூரியன் அங்கே நின்றிருக்கிறது.

அப்படியானால் என் வேண்டுதல் எங்கே போய்ச் சேர்ந்தது? தாயிடமா, இந்த மனிதரின் காதிலா? ஜைன மக்களே, எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குக் கஷ்டம் வரும்போது, முறை தெரியவில்லையே, தகுதி இல்லையே என்று வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள். மனத்தில் இருப்பதைச் சத்தமாகவே சொல்லுங்கள். யார் கேட்கிறார்கள் என்பது எனக்குச் சொல்லத் தெரியாது. கேட்கிறார்கள் என்பதற்கு, இதை நான் எழுதி முடிப்பதற்காக, வெயில் இறங்குவதைப் பார்த்தும் சாப்பாடு கேட்காமல் எதிரே பொறுமையாக உட்கார்ந்திருக்கிற மனிதர் சாட்சி. பேனாவை வைத்துவிட்டு எழுந்திருக்கிறேன்.